மடிக்கக்கூடாத கடற்பாசி

நம்தேமுன் சந்தை அஞ்சலகம், சியோல்
4 அக்டோபர் 1991

எங்கள் வாசல் தபால் பெட்டியில் பர்ஸ் போடுகிற பெரிய மனிதருக்கு,

வணக்கம். நலமா என்று கேட்க எனக்கு மனமில்லை. உங்களால் நலம் கெட்டவர்கள்தான் தினமும் என் கவுன்ட்டருக்கு வந்து அழுகிறார்கள். ஆனாலும் நலம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை, அதனால் கேட்டுவிட்டேன்.

நான் இங்கே இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறவள். வாசலில் இருக்கும் சிவப்புப் பெட்டியைத் தினம் மூன்று முறை திறப்பது நான்தான். வழியில் பர்ஸ் கண்டெடுத்தவர்கள் அதில் போடுவதும், நாங்கள் உரியவரைத் தேடி அனுப்புவதும் இந்த ஊரின் நல்ல வழக்கம். அதை உங்கள் கூட்டம் குப்பைத்தொட்டி ஆக்கிவிட்டது. பணத்தை உருவிக்கொண்டு மீதியை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்.

மற்றவர்கள் போடுவதற்கும் நீங்கள் போடுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அடையாள அட்டை, பாஸ்போர்ட், புகைப்படம் எல்லாவற்றையும் அடுக்கி, பச்சை ரப்பர் பாண்டு போடுவது நீங்கள். ஒரு முறை ஒரு குழந்தையின் படத்தைக் கீறல் விழாமல் மெல்லிய தாளில் சுற்றியிருந்தீர்கள். இவ்வளவு கரிசனம் இருக்கிறவனுக்கு இந்தப் பிழைப்பு எதற்கு என்று அன்றைக்கு வாய்விட்டே திட்டினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அறுவடைத் திருநாளுக்கு ஐந்து நாள் முன்னால், சந்தை நெரிசலில், ஜப்பானிலிருந்து வந்த கிதாமுரா என்ற அம்மாளின் கைப்பை போயிற்று. பாஸ்போர்ட், சீப்பு, மூக்குக்கண்ணாடி, விமானச் சீட்டு எல்லாம் அன்று மாலையே எங்கள் பெட்டிக்கு வந்துவிட்டன. பச்சை ரப்பர் பாண்டுதான். ஒரு பொருள் மட்டும் வரவில்லை. உள்ளங்கையில் அடங்கும் மரப்பெட்டி, ஊதாக் கயிறு கட்டியது. அது உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. அதைக் கொண்டுவந்து போட்டுவிடுங்கள். பணத்தைப் பற்றி நான் மூச்சு விட மாட்டேன்.

தபால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் இதைச் செருகி வைத்து, ‘பச்சை ரப்பர் பாண்டுக்காரர் பின்னால் பார்க்கவும்’ என்று பெட்டியில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுகிறேன். பார்க்கிறவர்கள் ஏதோ வீட்டு வாடகை விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள். பதிலைப் பெட்டிக்குள் போடுங்கள். போலீஸுக்குச் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மேங் ஓக்சுன்,
மூன்றாம் கவுன்ட்டர்.


10 அக்டோபர் 1991

மதிப்புக்குரிய மூன்றாம் கவுன்ட்டர் அக்காவுக்கு,

நான் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், எழுத்தில் திட்டியது நீங்கள்தான் முதல். போலீஸ் வைத்த பொறியோ என்று பயந்து இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு கொழுக்கட்டைக் கடைக்குப் பின்னால் நின்று படித்தேன். பொறி வைக்கிறவன் சீப்பையும் மூக்குக்கண்ணாடியையும் கணக்குச் சொல்லிக்கொண்டு இருக்கமாட்டான் என்று தோன்றியது.

அந்த அம்மாளை நினைவிருக்கிறது. எங்கள் தொழிலில் ஒருவர் கை, மற்றவர் காற்று பிடிக்கிறவர். காற்று பிடிக்கிறவர் கவனத்தைத் திருப்ப வேண்டும், கை வேலையை முடிக்கும். அன்றைக்கு என் கூட்டாளி அந்த அம்மாளின் சட்டைக் கையில் சோயா விழுதைக் கொட்டினான். கொட்டியவன் அவன், மன்னிப்புக் கேட்டது அந்த அம்மாள். மூன்று தரம் குனிந்து கேட்டார். அவன் குழம்பிப்போய்ப் பதிலுக்குக் குனிய, அவர் மறுபடி குனிய, நான் வேலையை முடித்துத் தெருக்கோடிக்குப் போன பிறகும் இரண்டு பேரும் குனிந்துகொண்டிருந்தார்கள். அதை நினைத்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்பினால் நம்புங்கள்.

ஆனால் அக்கா, பெட்டி விஷயத்தில் என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாற்றப் பார்க்கிறீர்களே! ஒன்றுக்கும் உதவாத பொருளையா அப்படி வைப்பார்கள்? நயமான, இலேசான மரம், உள்ளே வெள்ளைப் பஞ்சு, நடுவில் காய்ந்து சுருண்ட வேர். காட்டு ஜின்செங் எப்படி இருக்கும் என்று தெரியாமலா நான் நாற்பத்து மூன்று வயது வரை வளர்ந்தேன்? மூடியில் பெயரும் தேதியும் கூட எழுதியிருந்தது. பறித்தவர் பெயர், பறித்த தேதி. ஜப்பான்காரர்கள் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள்.

அதை நான் விற்கவில்லை. திருநாளன்று என் மாமியாருக்குக் கொடுத்தேன். அவருக்கு முட்டிவலி. பன்னிரண்டு வருடமாக நான் எதைக் கொடுத்தாலும் குறை சொல்கிறவர், அன்றைக்குத் திறந்து பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் மூடி உள்ளே கொண்டுபோனார். மனுஷி அசந்துபோய்விட்டார். கொடுத்ததை இப்போது திருப்பிக் கேட்டால் என் கதி என்ன ஆவது?

மன்னித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ரப்பர் பாண்டு.


12 அக்டோபர் 1991

ஐயா ரப்பர் பாண்டு,

யாருக்கு யார் அக்கா? என் கூடப் பிறந்தவர்கள் யாரும் ஜப்பான்காரியின் கைப்பையில் கை விடவில்லை.

அது ஜின்செங் இல்லை. தொப்புள்கொடி. பிள்ளை பிறந்து ஒரு வாரத்தில் காய்ந்து விழுமே, அது. அவர்கள் ஊரில் அதைப் பெட்டியில் போட்டு அம்மா பத்திரப்படுத்தி வைத்திருப்பாள், மகள் கல்யாணமாகிப் போகும்போது கையில் கொடுப்பாள். மூடியில் இருந்த தேதி, சிஸுரு பிறந்த தேதி. ஒரு வகையில் பறித்த தேதிதான், போங்கள்.

சிஸுரு அந்த அம்மாளின் ஒரே மகள். லிஃப்ட் பழுதுபார்க்கிற நம்மூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே சியோலில் இருக்கிறாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பெட்டியையும் கொடுக்கவில்லை, ஆறு வருடமாகப் பேசவும் இல்லை. மகள் பிள்ளையாண்டிருக்கிறாள் என்று யார் மூலமோ கேள்விப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பெட்டியோடு கிளம்பி வந்தார். நீங்களும் உங்கள் கூட்டாளியும் வரவேற்றீர்கள்.

வெறுங்கையோடு, சட்டையெல்லாம் சோயா விழுதோடு மகள் வீட்டு வாசலில் போய் நின்று, “கொண்டு வந்தேன், திருட்டுப் போயிடுச்சு” என்றாராம். மகளுக்கு ஆறு வருட ஆத்திரம். “இத்தனை நாள் குடுக்காதவ இப்ப குடுக்க வந்தியாக்கும்? அதையும் எவனோ திருடிட்டானாக்கும்? மனசில்லன்னா இல்லன்னு சொல்லேன்மா” என்று விட்டுவிட்டாள். மறுநாள் அந்த அம்மாள் என்னிடம் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். பாஷை தெரியாது. உள்ளங்கையை நீட்டி, விரலால் இத்தனை நீளம், இத்தனை அகலம் என்று காட்டிக்காட்டிக் கேட்டார். என்ன கேட்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். ஊருக்குப் போய்விட்டார்.

முதல் தேதி சிஸுரு வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அம்மா ஏதாவது கேட்டாளா என்றாள். நான் கையை நீட்டி, அந்த அம்மாள் காட்டிய மாதிரியே காட்டினேன். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை, போன் செய்தால் “பரவாயில்லை” என்று வைத்துவிடுகிறாராம். பெட்டி கிடைத்தால்தான் அம்மா முகத்தில் விழிக்க முடியும் என்கிறாள். நவம்பர் கடைசியில் பிரசவம்.

மாமியாரிடம் போய்க் கேளுங்கள்.

மேங் ஓக்சுன்.


17 அக்டோபர் 1991

அக்கா,

நான் அதைச் சாப்பிட்டுவிட்டேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். திருநாள் முடிந்த இரண்டாம் நாள் மாமியார் கோழி அவித்தார். வயிற்றுக்குள் ஒட்டரிசி, பூண்டு, பேரீச்சை, ஜின்செங். முழுக்கோழி. காலைப் பிய்த்து என் கிண்ணத்தில் போட்டு, “சாப்புடு மாப்ள, நல்லா மென்னு சாப்புடு” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் கோழிக்கால் எனக்கு வந்தது அன்றைக்குத்தான். ரசத்தைக் கூட மீதி வைக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து நாளைக்கு எட்டுத் தரம் பல் தேய்க்கிறேன். ஜொம்ரியே, என் மனைவி, “என்னய்யா, பல்லு மேல அப்படி என்ன கோபம்?” என்கிறாள். முகம் தெரியாத ஒரு பெண்ணின் பிறப்பையே நான் ரசத்தோடு குடித்துவிட்டேனே!

மாமியார் வேறு புதிதாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். தினமும் விடிந்ததும் அரிசிப் பானை முன்னால் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் வைத்துக் கும்பிடுகிறார். முட்டிவலி போனதற்கு நன்றி சொல்கிறார் போலிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் மறுபடி பல் தேய்க்கப் போய்விடுகிறேன்.

அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம்.

ரப்பர் பாண்டு.


19 அக்டோபர் 1991

ஐயா,

முதலில் சிரித்தேன். பிறகு மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். மென்றபோது எப்படி இருந்தது? கசந்ததா? ஜின்செங் என்றால் கசந்திருக்கும். காய்ந்த தோல் மாதிரி இருந்ததா? அன்றைக்குக் கோழிக்குள் இருந்தது சந்தையில் வாங்கிய சாதாரண வேராகவும் இருக்கலாம் இல்லையா? இதற்குப் பதில் தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பல் தேய்க்கும் நேரத்தில் அவரிடம் வாயைத் திறந்து கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சிஸுருவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, காதெல்லாம் சூடாகிவிட்டது.

மேங் ஓக்சுன்.


30 அக்டோபர் 1991

அக்கா என்று எழுதக்கூடாது என்று தெரியும், வேறு எப்படி எழுதுவது என்று தெரியாததால் அக்காவுக்கு,

கசந்தது. ஆனால் எனக்கு அன்றைக்கு எல்லாம் இனித்தது, அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கேட்க முடியாததன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நான் பட்டன் வியாபாரி. மாதம் ஒரு முறை மாதிரிக்கு என்று கொஞ்சம் பட்டன் வாங்கிக்கொண்டு போவேன். பன்னிரண்டு வருடத்தில் ஏழு ஜாடி சேர்ந்திருக்கிறது. சட்டையில் ஒரு பட்டன் அறுந்தால் அதற்குப் பொருத்தமானதை ஜொம்ரியே அதிலிருந்து எடுத்துத் தைப்பாள். “எம் புருஷன் கடை பட்டன்” என்று பக்கத்து வீட்டுக்காரிகளுக்கும் கொடுப்பாள். பெட்டி எங்கே என்று கேட்டால், பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஜாடி ஏழும் உடைந்துவிடும். நான் அனாதை விடுதியில் வளர்ந்தவன். அந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு வீடு இல்லை.

வேலையும் ஓடவில்லை. போன வாரம் என் கூட்டாளி ஒரு வெளிநாட்டு அம்மாள்மேல் விழுதைக் கொட்டி, துடைத்து, குனிந்து எல்லாம் செய்தான். திறந்த கைப்பை எனக்கு நேராக இருந்தது. உள்ளே சின்னதாக ஒரு பெட்டி. மிட்டாய்ப் பெட்டியாகத்தான் இருக்கும். கை நகரவில்லை. “என்னடா, சாமி வந்துடுச்சா உனக்கு? ஒரு டப்பா விழுது வீணாப் போச்சு!” என்று அவன் தெருவிலேயே கத்தினான். வேறு கை தேடிக்கொள்ளப் போகிறானாம். இந்த மாதம் உங்கள் பெட்டியில் பச்சை ரப்பர் பாண்டு வந்ததா? கவனித்தீர்களா?

ரப்பர் பாண்டு.


8 நவம்பர் 1991

ஐயா,

கவனித்தேன். வரவில்லை.

இன்றைக்கு நான் எழுதுவது என் வேலைக்கு உலை வைக்கும். ஆனாலும் எழுதுகிறேன். திங்கட்கிழமை முதல் எதிர்ப்புற பேக்கரியில் ஜன்னல் ஓரமாக ஒருவர் உட்காரப் போகிறார். சாதாரண உடை. தபால் பெட்டியில் யார் பர்ஸ் போடுகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. நேற்று எங்கள் அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு தபால்தலை கூட மாற்றி ஒட்டாதவள், இப்போது ஒரு திருடனுக்குத் துப்புக் கொடுக்கிறேன். எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது.

உங்களைக் காப்பாற்ற எழுதவில்லை. அந்தப் பெட்டி உங்களிடம் இருந்து, நீங்கள் பிடிபட்டால், அது சாட்சிப் பொருளாகி ஏதோ ஓர் அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால்தான்.

சிஸுரு நேற்று வந்தாள். கால் வீங்கி, கணவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். “பரவால்லக்கா, இனி நான் வரல. பிள்ளை பொறந்தா அம்மாகிட்ட வெறுங்கையோடயே பேசறேன். அவங்க பேசலன்னா பேசலன்னு வெச்சுக்கறேன்” என்றாள். சொல்லிவிட்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து, “இருந்தாலும் ஒருவேள வந்துச்சுன்னா...” என்று தொலைபேசி எண்ணை மறுபடியும் எழுதிக் கொடுத்தாள். என்னிடம் அந்த எண் ஏற்கெனவே ஐந்து தாளில் இருக்கிறது.

நீங்கள் வீட்டுக்குப் பயப்படுகிறீர்கள். புரிகிறது. அவளும் வீட்டைத்தான் கேட்கிறாள். இதற்குமேல் உங்களுக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. சந்தில் இனி கடிதம் வைக்க மாட்டேன், அந்த ஆள் பார்த்துவிடுவார்.

மேங் ஓக்சுன்.


20 நவம்பர் 1991

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் தபால்தலை ஒட்டி, வேறு பேட்டையிலிருந்து, எல்லாரும் அனுப்புகிற மாதிரி வருகிறது. என் வாழ்நாளில் ஒருவருக்குத் தபால்தலை ஒட்டி எழுதும் முதல் கடிதம் இதுதான்.

கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மாமியார் அரிசிப் பானை முன்னால் தண்ணீர் வைத்துக் கும்பிட்டு எழுந்ததும், “அத்தை, நான் குடுத்த அந்த வேரு...” என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எந்த வேரு?”

“பெட்டியில வந்ததே, ஜின்செங்.”

“ஓ, ஜின்செங்கா!” என்று அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அந்தப் பெட்டியை எடுத்தார் அக்கா! ஊதாக் கயிறு கட்டி, நான் கொடுத்தபடியே இருந்தது.

“ஏழு பெத்தவ நான். ஏழையும் இந்தக் கையால கழுவுனவ. இது என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? திறந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப அன்னைக்கு அந்தக் கோழி...”

“அது கடைவேரு. இளைச்சுப் போய்க் கிடந்தியே, ஏதோ தின்னட்டும்னு போட்டேன். பின்ன என்ன, ஊரான் வீட்டுப் புள்ளயோட கொடியவா உனக்கு அவிச்சுக் குடுப்பேன்?”

சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பல் தேய்த்துத் தேய்த்து ஈறு போனதுதான் மிச்சம்.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?” என்றேன்.

“இத காசு குடுத்து யாரும் வாங்க முடியாது. அப்ப எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். ஏழு ஜாடியும் ஞாபகம் வந்துச்சு. ஒரு பட்டன் வித்தவனா இருந்தா ஒரு ஜாடியாவது காலியாகியிருக்கணுமே! நீயா வாயத் தொறக்கற வரைக்கும் பாப்போம்னு இருந்தேன். ரெண்டு மாசம் ஆக்கிட்டியே, பாவி. அந்தப் புள்ள எங்க இருக்கோ, நல்லா இருக்கட்டும்னு தெனம் தண்ணி வெச்சேன்.”

சிஸுரு விஷயம் முழுவதையும் சொன்னேன். ஜொம்ரியே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. ஏழு ஜாடியையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தரையில் கொட்டினாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள். “நாளைலேர்ந்து நான் இத சந்தையில வெச்சு விக்கறேன். ஒருத்தராவது இந்த வீட்டுல பட்டன் வியாபாரியா இருக்கணும்ல” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் பேசினாள்.

மாமியார் மறுநாளே சந்தைக்குப் போய்க் கடற்பாசி வாங்கி வந்துவிட்டார், பிள்ளை பெற்றவளுக்கு ரசம் வைக்க. காய்ந்த பாசி, ஒடியாமல் முழுசாக, என் உயரத்துக்கு இருக்கிறது. நான் பெட்டியையும் பாசியையும் ஒன்றாகக் கட்டி உங்கள் தபால் பெட்டியில் போட்டுவிடலாம் என்று, பாசியை மடிக்கக் கை வைத்தேன். முதுகில் ஓர் அடி விழுந்தது.

“புள்ளத்தாச்சிக்குப் போற பாசிய மடிப்பாங்களாடா? ஒடிப்பாங்களா? பிரசவம் கஷ்டமாயிடும். கடைக்காரனே மடிக்காம குடுத்தான், உனக்கு என்ன கேடு?”

“அத்தை, மடிக்கலன்னா பெட்டி வாய்க்குள்ள நுழையாதே.”

“நுழையாதுல்ல? அப்ப வாசல் வழியா போ.”

எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டு இருந்தார். “பாசியக் குடுத்துட்டு, அந்த மனுஷன்கிட்டயும் போய்ப் பேசிட்டு வா. எத்தன நாள் ஆனாலும் உன் கிண்ணத்துல சோறு போட்டுப் போர்வைக்கடியில வெச்சிருப்பேன், ஆறாம இருக்கும்” என்றார். அக்கா, அந்த வீட்டில் வெளியூர் போன சொந்தப் பிள்ளைக்குத்தான் அப்படி வைப்பார்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தக் பொங்சு.


நம்தேமுன் சந்தை அஞ்சலகம், சியோல்
3 மார்ச் 1992

அன்புள்ள பொங்சுவுக்கு,

நலம்தானே? கைதி எண்ணும் அஞ்சல் பெட்டி எண்ணும் போட்டு எழுதியிருந்தாய். ஊரார் தபால் பெட்டியைக் குப்பைத்தொட்டி ஆக்கியவனுக்கு இப்போது சொந்தமாக ஒரு பெட்டி எண்! படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். இனி உன்னை நீ என்றுதான் எழுதப்போகிறேன். ஒன்பது வயது சின்னவன், கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நீ என்னிடம் கேட்டிருக்கிறாய், நான் பயந்தேனா என்று. பத்து மணி வரை ஒரு ரசீது கூட ஒழுங்காக எழுதவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலில் பாசிதான் தெரிந்தது, அப்புறம்தான் நீ. இரண்டு கையிலும் பாசியைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்க முடியாமல் நீ தவித்தபோது, பேக்கரியிலிருந்து எழுந்து வந்து கதவைப் பிடித்தாரே அந்தப் போலீஸ்காரர்! “பாத்து, பாத்து, ஒடிஞ்சிடப் போகுது. வீட்ல விசேஷமா?” என்று வேறு கேட்டார். நீ “ஆமாங்க” என்றாய். பெட்டியையும் பாசியையும் என் கையில் கொடுத்துவிட்டு, நீ திரும்பி அவரிடமே போய், “உங்ககிட்டயும் ஒண்ணு பேசணும்” என்றபோது அந்த மனிதர் முகத்தைப் பார்த்தாயா? கதவையே இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் தேவலாம் என்கிற மாதிரி இருந்தது.

இதுவரை உனக்கு எழுதாத விஷயங்களை எழுதுகிறேன். குழந்தை அதற்கு முந்தின நாள்தான் பிறந்திருந்தது. பெண். சிஸுரு படுக்கையிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள். பிள்ளை பிறந்ததைச் சொல்வதற்கு முன்னால், “பெட்டி வந்துடுச்சும்மா” என்றாள். லைன் போய்விட்டது என்று நினைத்தாளாம். பிறகுதான் அம்மா அழுகிறாள் என்று தெரிந்ததாம். நான்காம் நாள் வந்துவிட்டார். இன்னும் ஊருக்குப் போகவில்லை.

நேற்று குழந்தைக்கு நூறாம் நாள் விருந்து. மினா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இரண்டு ஊர்க்காரர்கள் வாய்க்கும் வருகிறதாம். பாசி அனுப்பியவர் வந்தே ஆக வேண்டும் என்று சிஸுரு பிடிவாதம் பிடித்ததால் உன் மாமியாரையும் ஜொம்ரியேயையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கிதாமுரா அம்மாளுக்கு எல்லாம் தெரியும். உன் மாமியாரைக் கண்டதும் குனிந்தார், மூன்று தரம். பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி, சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்பு என்று சிஸுரு மொழிபெயர்த்தாள். உன் மாமியார் பதறிவிட்டார். “நீ ஏம்மா மன்னிப்புக் கேக்கற? திருடுனது என் மாப்ள!” என்று அவர் கத்த, சிஸுரு அதை மொழிபெயர்க்கத் தெரியாமல் விழிக்க, பிறகு எல்லாரும் சிரித்துவிட்டோம். அப்புறம் இரண்டு பேரும் சமையலறைக்குள் போனவர்கள் சாப்பாட்டு நேரம் வரை வெளியே வரவில்லை. பாஷை தெரியாமல் என்னதான் பேசினார்களோ. ஜொம்ரியே குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தாள், மஞ்சள் பட்டன் வைத்து. சந்தையில் அவள் கடை நன்றாக நடக்கிறது. நூறு பேருக்குப் பங்கிட வேண்டிய அரிசிப் பலகாரத்தில் உன் பங்கை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நானே தின்றேன். உன் மாமியார் இன்னும் தினமும் உன் கிண்ணத்தைப் போர்வைக்கடியில் வைக்கிறாராம். “மறுநாள் அந்தச் சோத்தத் தின்னே எனக்கு ஒடம்பு ஏறிடுச்சு, சீக்கிரம் வரச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. சிறையில் உன்னைத் தச்சுக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே. மினாவின் கொடி காய்ந்து விழுந்து, இப்போது ஒரு இருமல் மிட்டாய் டப்பாவில் கிடக்கிறது. நல்ல பெட்டி எங்கே கிடைக்கும் என்று நேற்றுப் பேச்சு வந்தது. “எனக்கு ஒரு தம்பி இருக்கான், மரவேலை பாக்கறான், அவன்கிட்ட சொல்றேன்” என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

சிஸுரு என்னையே பார்த்தாள். எந்தத் தம்பி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவிடம் திரும்பி, அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள். கிதாமுரா அம்மாள் அந்த மிட்டாய் டப்பாவை ஒரு முறை திறந்து பார்த்து மூடினார். பிறகு என் பக்கம் தன் உள்ளங்கையை நீட்டி, விரலால் இத்தனை நீளம், இத்தனை அகலம் என்று காட்டினார்.

அளவை இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா.